இன்னும் கொஞ்சம் பொறுங்கள்

காது கேட்காதவர் இருக்கும் வீட்டில்தான் சத்தம் அதிகம். நம்பிக்கை இல்லையென்றால் என்னைப்போல் அப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டு பாருங்கள். இவர் கதவைச் சாத்தினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். நாற்காலியைத் தூக்கிப் போடத் தெரியாது, தரையில் இழுத்துக்கொண்டே போவார். பாத்திரம் கழுவி அடுக்கினால் யாரோ ஒரு கடையையே காலி செய்து வண்டியில் ஏற்றுவதுபோல் இருக்கும். கீழ்வீட்டுப் பெரியவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்னச் சத்தமும் ஆகாது. துடைப்பக் கம்பை எடுத்துத் தன் வீட்டுச் சீலிங்கை டொக் டொக்கென்று இடிப்பார். அந்த இடி இவருடைய பாதத்தில் தெரியும். உடனே முகம் மலர்ந்துவிடும். "கீழ்வீட்டு சார் நம்மள விசாரிக்கிறார்" என்று கையால் என்னிடம் சொல்லிவிட்டு, குதிகாலால் பதிலுக்கு இடிப்பார். கீழிருந்து இன்னும் கோபமாக ஓர் இடி வரும். இவர் இன்னும் அன்பாக ஒன்று இடிப்பார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அதெல்லாம் இவர் இங்கே இருந்த காலத்தில். இப்போது வீட்டில் குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும். எனக்கு அந்த அமைதி பிடிக்கவே இல்லை.

இவர் வேலை பார்ப்பது கண்ணாடி ஜாடி செய்யும் தொழிற்சாலையில். ரயிலில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் போனால்தான் அந்த ஊர் வரும். இயந்திர இரைச்சலில் மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது, இவரும் இவரைப் போன்ற சிலரும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கையாலேயே ஊர்வம்பு பேசிக்கொள்வார்களாம். நல்ல வேலைதான். அதைவிட நல்லது அந்தக் கம்பெனி கொடுக்கும் மருத்துவக் காப்பீடு. எங்கள் மகள் குட்டிக்கு ரத்தத்தில் ஒரு கோளாறு. விடாமல் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் மற்ற பிள்ளைகளைப்போல் ஓடுவாள், சண்டை போடுவாள், வீட்டுப்பாடம் எழுத மாட்டேன் என்பாள். ஊசி நின்றால் படுத்துவிடுவாள். அந்த ஊசி விலைக்கு நாங்கள் எங்களை விற்றாலும் கட்டாது. ஊசி போடும் மருத்துவமனை இங்கே இருக்கிறது, அதற்குப் பணம் கட்டும் காப்பீடு அங்கே இருக்கிறது. அதனால் நானும் குட்டியும் இங்கே, இவர் அங்கே.

இந்த ஊரில் வேறு வேலை தேடாமல் இல்லை. கிடைத்தும் இருக்கிறது. ஆனால் வேலை மாறினால் காப்பீடும் மாறும். புதுக் காப்பீட்டுக் கம்பெனி குட்டியின் மருத்துவ அறிக்கையைப் பார்த்த மாத்திரத்தில், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கையை விரித்துவிடும். ஒரு கம்பெனிப் பெண் தொலைபேசியில் அதை எனக்கு அவ்வளவு இனிமையாகச் சொன்னாள். நன்றி சொல்லிவிட்டு வைத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். நாட்டின் சட்ட அவை நடக்கும்போது தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் கறுப்புச் சட்டையில் ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டிருப்பாள். அது நான்தான். என் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் காது கேட்காது. எனக்கு வாய் வருவதற்கு முன்னால் கை வந்துவிட்டது. அவைக் கட்டடத்தின் பின்பக்கத்தில் எங்களுக்கு ஓர் அறை. பச்சைத் திரை, கேமரா, அவையைக் காட்டும் ஒரு சின்னத் திரை, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. சத்தம் வரும் என்று அந்த விசிறியைப் போட விடமாட்டார்கள். எங்கள் பெட்டிக்குள் ஏதய்யா சத்தம் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது. என்னோடு மாறி மாறி நிற்பவர் ஓர் அண்ணன். கையால் பேசும்போது தன்னை அறியாமல் முனகுவார், அதனால் முனகல் அண்ணன். இருவரும் ஒப்பந்த ஆட்கள். நாட்டுக்கே காப்பீடு பற்றிக் கை வலிக்கப் பேசுவோம், எங்களுக்கென்று ஒன்றும் கிடையாது.

எங்கள் தொழிலில் முதல் பாடம், சொல்வதைச் சொல்ல வேண்டும். உறுப்பினர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்பேன். அவர் கோபப்பட்டால் என் புருவம் நெரியும், குழைந்தால் நானும் குழைவேன். கேட்காதவர்களுக்கு முகம்தான் குரல். அந்தப் பக்கம் தொழிற்சாலை கேன்டீனில் ஒரு தொலைக்காட்சி உண்டு. டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் இவர் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துகொள்வார். மற்றவர்கள் அவையைப் பார்ப்பார்கள், இவர் மூலையைப் பார்ப்பார். "உங்க வீட்டம்மா இன்னைக்கு அமைச்சரைக் கிழிக்கிறாங்க" என்று கூட இருப்பவர்கள் கேலி செய்வார்களாம். என்னைத் தினமும் பார்க்க இவருக்கு அது ஒரு வழி. எனக்குத்தான் இவரைப் பார்க்க ஒன்றுமில்லை. கேமராவின் கறுப்புக் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பேன், அதற்குள் எங்கோ இவர் சோறு தின்றுகொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வாரம்தான் காப்பீட்டுச் சீர்திருத்த மசோதா அவைக்கு வந்தது. அதில் எங்களுக்கு உயிர் ஒரே ஒரு பிரிவில் இருந்தது. காப்பீடு இனி வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்காது, ஆளோடு போகும், ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று யாரையும் தள்ள முடியாது. அவ்வளவுதான். அது நிறைவேறினால் இவர் மறுநாளே மூட்டையைக் கட்டலாம். அந்தப் பிரிவை எழுதிக் கொண்டுவந்த உறுப்பினரை நாங்கள் எங்களுக்குள் சர்க்கரை என்போம். அவ்வளவு தித்திப்பான பேச்சு. முதல் நாள் அவர் அதை முன்வைத்துப் பேசியபோது என் கை பறந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரோ சொன்னதை நானே சொன்னதுபோல் இருந்தது.

அன்று இன்னொன்றும் நடந்தது. காலையில் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் அந்தப் பிரிவை எதிர்த்துப் பேசினார். அவசரப்பட்டால் கம்பெனிகள் கடையைக் கட்டிவிடும், அப்புறம் ஏழை எங்கே போவான், மழை வருவதற்கு முன்னால் குடையைப் பறிக்கலாமா என்று. மதியம் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்தார். பரம எதிரிகள். காலையில்தான் ஒருவரை ஒருவர் திருடன் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர் பேச ஆரம்பித்ததும் என் கை எனக்கு முன்னால் ஓடியது. கடை, ஏழை, மழை, குடை. அவர் வாயிலிருந்து சொல் வருமுன்னே குடையை விரித்துவிட்டேன். முனகல் அண்ணன் கேமராவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஒரே அடுப்புல வெந்தது" என்றார் இடைவேளையில். "பரிமாறுற தட்டுதான் வேற வேற."

அடுப்பு எது என்று தேட வேண்டியதில்லை. நடைகூடத்தில் காபி இயந்திரத்தைச் சுற்றிக் கோட்டுக்காரர்கள் நின்றார்கள். காப்பீட்டுக் கம்பெனிகளின் ஆட்கள். அந்த வாரம் முழுக்க அங்கேயே குடியிருந்தார்கள். இரு கட்சிக்காரர்களும் அவர்கள் தோளில் கை போட்டுப் பேசினார்கள். அதில் ஒருவர் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு, "நாள் பூரா கையை ஆட்டினா வலிக்காதாங்க?" என்று கேட்டார். மெய்யான அக்கறைதான், முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டவர்கள் கெட்டவர்களாகவே இருந்து தொலைத்தால் நமக்கு வேலை மிச்சம்.

சாயங்காலம் வீடியோவில் இவர் வந்தார். முதல் கேள்வியே, "மதியம் உனக்கு என்ன ஆச்சு? காலைல சொன்னதையே திரும்பச் சொன்னே. களைப்பா?"

"நான் இல்லீங்க. அவங்க ரெண்டு பேரும் அதையேதான் சொன்னாங்க."

"ரெண்டு பேருமா? அந்த ரெண்டு கட்சியுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். இவர் சிரிக்கும் சத்தம் இவருக்குத் தெரியாது. பெரிய சத்தம். போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"சரி, அத விடு. கட்டில்ல என் பக்கம் எப்படி இருக்கு?"

இவர் பக்கத்தில் துவைத்த துணி மலைபோல் கிடக்கும். மடிக்க நேரமில்லாததால் என்று வருகிறவர்களிடம் சொல்வேன். அந்த இடம் காலியாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது என்பதுதான் காரணம். போனைத் திருப்பிக் காட்டினேன்.

"எல்லாத்தையும் மடிச்சு உள்ள வை. நாளைக்கு ஓட்டெடுப்பு முடிஞ்சதும் ராஜினாமா எழுதப் போறேன். வந்து துணி மேலயா படுப்பேன்?"

அன்றைக்கே எல்லாவற்றையும் மடித்து அலமாரியில் வைத்தேன். குட்டி தலையணை உறையை மாற்றினாள். கட்டிலின் அந்தப் பாதி, விருந்தாளிக்குப் போட்டதுபோல் பளிச்சென்று இருந்தது. என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். கதவு இடியோடு சாத்தும், நாற்காலி கிறீச்சிடும், கீழே பெரியவர் கம்பை எடுப்பார். அந்தச் சத்தத்துக்கு என் உடம்பே ஏங்கியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இவர் தோளைவிட முதலில் எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது.

மறுநாள் அவையில் முதலில் எழுந்தவர் நர்ஸம்மா. கட்சி இல்லாதவர். அரசியலுக்கு வருமுன் வார்டில் வேலை பார்த்தவர், இன்றும் நோயாளியை அதட்டுகிற குரல்.

"எங்கேயோ ஒரு ஊர்ல ஒரு மனுஷன் வேலை செய்றார்" என்று ஆரம்பித்தார். "அந்த வேலை பிடிச்சதால இல்ல. அதை விட்டா வீட்ல இருக்கிற பிள்ளைக்கு மருந்து நின்னுடும். அதனால பெண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு அங்க கிடக்கிறார். அவரை வீட்டுக்கு அனுப்புங்க. நான் கேக்கிறது அவ்வளவுதான்."

'ஒரு மனுஷன்' என்பதற்கு எங்களிடம் எளிய சைகை உண்டு. பல்லாயிரம் தடவை செய்திருக்கிறேன். அன்று என் விரல் அங்கே போகவில்லை. என் தாடைக்குப் போய், இடப்பக்கமிருந்து கீழே ஒரு கோடு இழுத்தது.

அது இவர் பெயர். கேட்காதவர்கள் ஒருவருக்கொருவர் கையால் பெயர் வைத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூட வேலியைத் தாண்டும்போது கம்பி கிழித்து இவர் தாடையில் ஒரு தழும்பு. அன்றிலிருந்து இவர் அந்தக் கோடுதான். என் பெயரை இவர் வைத்தார், சூடானதை ஊதுவதுபோல். பச்சைத் தண்ணீரைக்கூட ஊதிக் குடிக்கிறேனாம். நேரில் இருக்கும்போது ஒரு தட்டுத் தட்டித்தான் கூப்பிடுவேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. இப்போது நாட்டுக்கே முன்னால் புருஷன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

திருத்தவும் வழியில்லை. ஓர் ஆளை ஒரு சைகையால் சொல்லத் தொடங்கிவிட்டால் அந்தப் பேச்சு முடியும்வரை அதையேதான் சொல்ல வேண்டும். நடுவில் மாற்றினால் பார்ப்பவர்கள் வேறொரு மனுஷன் வந்துவிட்டான் என்று நினைப்பார்கள். அதனால் நர்ஸம்மா 'அவர்' என்ற ஒவ்வொரு தடவையும் நான் தாடையில் கோடு இழுத்தேன். இவரை வீட்டுக்கு அனுப்புங்கள், இவரை வீட்டுக்கு அனுப்புங்கள். என் கைக்கு அது எவ்வளவு இன்பமாக இருந்தது என்று சொன்னால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள்.

அடுத்து சர்க்கரை எழுந்தார். கையில் ஒரு திருத்தம்.

"அம்மா சொன்ன அந்த மனிதரை நினைச்சா என் நெஞ்சு உருகுது" என்றார். நெஞ்சு உருகுகிறது என்று இந்த ஆள் சொன்னால் அடுத்து 'ஆனால்' வரும். சர்க்கரைக்காக நிறைய 'ஆனால்' சொல்லியிருக்கிறேன்.

முனகல் அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. கேமராவுக்குப் பின்னாலிருந்து, "மாத்திக்கவா?" என்று கையால் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன். இந்தச் செய்தி இவருக்கு இன்னொருவர் கையால் போய்ச் சேரக் கூடாது என்று தோன்றியது. அதை ஏன் அப்படி நினைத்தேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

"ஆனா கம்பெனிகளும் தயாராகணும் இல்லையா? அவங்களோட கலந்து பேசி, அவங்க தயார்னு சொல்ற நாள்ல இந்தப் பிரிவு நடைமுறைக்கு வரும். அந்த மனிதருக்கு இந்த அவையிலேர்ந்து நான் நேரடியாவே சொல்றேன். உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். உங்களை நான் மறக்கல. இன்னும் கொஞ்சம் பொறுங்க."

சொல்லும்போது சிரித்தார். இதமான, ஈரமான சிரிப்பு. சொல்வதைச் சொல்ல வேண்டும். நானும் அதே சிரிப்பைச் சிரித்தேன். தாடையில் கோடு இழுத்து இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கேமராவின் கறுப்புக் கண்ணுக்குள் பார்த்து, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஒரு சொல்லைக்கூட விடவில்லை. பார்வையாளர் மாடத்தில் கோட்டுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைத் திரையில் பார்த்தேன்.

திருத்தம் நிறைவேறியது. மேசைகளைத் தட்டினார்கள், கைதட்டினார்கள். கைதட்டலையும் நாங்கள் காட்டியாக வேண்டும். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை விரித்து ஆட்டினேன். அவர்கள் நிறுத்தும்வரை ஆட்டினேன். பிறகு முனகல் அண்ணன் என்னைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு அங்கே நின்றுகொண்டார்.

சாயங்காலம் இவர் அழைக்கவில்லை. நான் அழைத்தேன், எடுக்கவில்லை. குட்டி போனைச் சுவரில் சாய்த்து வைத்து அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அதுவே அதிர்ந்தது. வேலை உடுப்பில், தொழிற்சாலைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நீ கூப்பிட்டதும் எழுந்துட்டேன்" என்றார். "கையில டீ. டிவிக்குக் கிட்டப் போய், இருக்கேன், சொல்லுன்னேன். கேன்டீனே சிரிச்சுது. அப்புறம் உன் இடத்துல வந்து நின்ன அந்த ஆளும் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நான் ஆரம்பிச்சு வெச்சேன், அண்ணன் அதையே பிடிச்சுக்கிட்டார். என் தப்புங்க."

"தப்பெல்லாம் இல்ல. பொறுங்கன்னு சொன்னியே. சிரிச்சுக்கிட்டே சொன்னே."

"அது நான் இல்லீங்க."

"தெரியும். உன் தொழில் எனக்குத் தெரியாதா? ஆனா எனக்கு அந்த ஆளோட குரல் தெரியாது. உன் கைதான் தெரியும். யார் யாரோ பொறுக்கச் சொல்லியிருக்காங்க, பொறுத்துக்கிட்டேன். நீ சொன்னதும் என்னால முடியல."

"வந்துடுங்க" என்றேன். "எதையும் யோசிக்காதீங்க. வேலைய விட்டுட்டு வந்துடுங்க."

இவர் மேல் கையில் ஊசி குத்துவதுபோல் ஒரு விரலை வைத்துக் காட்டினார். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

"இன்னைக்கு ரெண்டாவது ஷிப்டும் இருக்கு, ஆரம்பிச்சாச்சு, போகணும்" என்றார். "அந்தத் துணியையெல்லாம் திரும்பக் கட்டில்ல போட்டுடு. காலியா இருந்தா நீ தூங்க மாட்டே."

திரை அணைந்தது. இவருக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லாமலேயே, அத்தனை தூரத்திலிருந்து, அந்தத் துணி எதற்காகக் கிடந்தது என்று தெரிந்திருந்தது.

குட்டி என் முழங்கையைத் தொட்டாள். "அம்மா, எனக்கு ஊசி வேணாம்னு நான் சொல்லிட்டா அப்பா வந்துடுவாரா?"

"வாயை மூடு" என்றேன். அவளை நான் அப்படி அதட்டியதே இல்லை. உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். மடித்த துணிகளை அள்ளிக் கட்டிலின் அந்தப் பாதியில் கொட்டினேன். சேலை, துண்டு, பள்ளிச் சீருடை, இவர் போன தடவை விட்டுப்போன சட்டை, எல்லாம். பிறகு வெளியே வந்து அந்த அறைக் கதவை, எனக்கிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்துச் சாத்தினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குட்டி காதைப் பொத்திக்கொண்டாள். சர்க்கரையை, கோட்டுக்காரர்களை, தொலைபேசியில் இனிமையாகப் பேசிய பெண்ணை, என் கையை, எல்லாவற்றையும் சேர்த்துச் சாத்தினேன்.

கீழிருந்து இடி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. படியில் காலடிச் சத்தம் வந்தது. யாரோ மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்தேன். கீழ்வீட்டுப் பெரியவர். செருப்புகூடப் போடாமல், கையில் துடைப்பக் கம்போடு. மன்னிச்சிடுங்க சார் என்று வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டாராம்மா?"

அவர் முகத்தில் இருந்ததைச் சர்க்கரை முகத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"இல்ல சார்" என்றேன். "இன்னும் இல்ல. நான்தான் சாத்தினேன்."

"அப்படியா." கம்பைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார். "கம்பைத் தூக்கிட்டேன். தூக்கினப்புறம்தான், ஐயோ, அவர்னா இது நல்ல சேதியாச்சேன்னு ஓடி வந்தேன்." திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். பாதியில் நின்றார்.

"வந்தா சொல்லும்மா" என்றார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "சொல்ல வேணாம். எனக்கே கேக்கும்."